புரட்டாசி வெயிலை வீணாக்காதே, தங்கச்சி!

புரட்டாசியைப் பத்தி நம்ம பெரியவங்க சொல்வாங்க: பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும். பகல் முழுக்க வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் திடீர்னு இடி இடிச்சுக் கொட்டும். மறுநாள் திரும்பவும் வெயில். அதைப் பார்த்துட்டு, 'இன்னும் வெயில்தானே அடிக்குது, மழைக்கு அப்புறம் பார்த்துக்கலாம்'னு உட்கார்ந்திருக்கே பாரு, அங்கதான் தப்பு பண்றே.

அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை தொடங்கினா டிசம்பர் வரைக்கும் போகும். தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்துல கிடைக்கிற மழையில ஏறக்குறைய பாதி இந்த மூணு மாசத்துல பெய்ஞ்சுடும். கடலோர மாவட்டம்னா இன்னும் ஜாஸ்தி. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. வெயில்ல ஒரு மணி நேரத்துல முடியற வேலை, அடைமழையில ஒரு வாரம் இழுக்கும். சில வேலை முடியவே முடியாது. ஈரச் சுவத்துல பெயின்ட் ஒட்டாது, ஈர மிளகாயை மில்லுல அரைக்க மாட்டாங்க.

2015 டிசம்பர்ல சென்னையில வெள்ளம் வந்தப்போ நாங்க மாடி வீட்டுலதான் இருந்தோம். வெள்ளம் எங்க வாசப்படியைத் தொடலை. ஆனா வீட்டுக்குள்ள ஒழுகிச்சு. மொட்டை மாடியில தண்ணி போற ஓட்டையை வேப்பிலைச் சருகு அடைச்சிருந்தது. கணுக்கால் அளவுக்குத் தேங்கி, தளம் ஊறி, பரண்ல இருந்த பெட்டியில சொட்டி, பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழும் என் முகூர்த்தப் புடவையும் நனைஞ்சு போச்சு. ஒரு விளக்குமாறும் பத்து நிமிஷமும் போதும், அத்தனையும் தப்பிச்சிருக்கும். நீயும் அப்படி அழக் கூடாதுன்னுதான் சொல்றேன். கேட்டுக்கோ.

மொதல்ல மாடி ஏறு

1. தண்ணி போற ஓட்டையைப் பாரு. சருகு, மண்ணு, புறா இறகு, பிளாஸ்டிக் கவர் எல்லாத்தையும் கையாலேயே எடு. எடுத்துட்டா முடிஞ்சுதுன்னு இறங்கிடாதே. ரெண்டு வாளி தண்ணியை ஊத்திப் பாரு. சர்ருன்னு இறங்கணும். மெதுவா இறங்கினா குழாய்க்குள்ள அடைப்பு இருக்கு, இப்பவே பிளம்பரைக் கூப்பிடு. மழை தொடங்கிட்டா அவர் போனை எடுக்க மாட்டார். அதுக்கப்புறம் பலமா காத்து அடிச்ச ஒவ்வொரு தடவையும் ஒரு எட்டு பார்த்துட்டு வா.

2. மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் திற. 2003-ல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு ஆக்கினாங்க. கட்டினோம், மூடினோம், மறந்தோம். மேல இருக்கிற கூழாங்கல்லையும் மணலையும் எடுத்து அலசிக் காய வெச்சுத் திரும்பப் போடு. மண்ணு படிஞ்ச தொட்டியில தண்ணி உள்ள இறங்காது, வாசல்லதான் தேங்கும். முதல் மழைத் தண்ணியைச் சேர்க்காதே, அது மாடி அழுக்கைக் கழுவிட்டு வரும். அதை வெளிய விட்டுட்டு அடுத்த மழையில இருந்து பிடி.

3. விரிசல் இருந்தா இப்பவே அடை. ஓட்டு வீடா இருந்தா உடைஞ்ச ஓட்டை மாத்து. போன வருஷம் எங்க ஒழுகிச்சுன்னு யோசி, இந்த வருஷமும் அங்கதான் ஒழுகும். அங்க பெயின்ட் மட்டும் அடிச்சு மறைக்காதே.

4. பறக்கக் கூடியதை இறக்கு. 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல்ல தகரமும் பூந்தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் காத்துல போனதைப் பார்த்திருப்பே. கைப்பிடிச் சுவர் மேல தொட்டி வைக்காதே, கீழ போறவங்க தலையில விழும். வாசல்ல தென்னை இருந்தா காய்ஞ்ச மட்டையையும் முத்தின காயையும் ஆள் வெச்சு இறக்கிடு.

துணி விஷயம்

5. மெத்தை, தலகாணி, ஜமுக்காளம், போர்வை எல்லாத்தையும் ரெண்டு நாள் நல்ல வெயில்ல போடு. மத்தியானம் ஒரு தடவை திருப்பிப் போட்டுத் தட்டு. சாயங்காலம் 4 மணிக்கு மேல விடாதே, புரட்டாசியில எப்ப மழை வரும்னு சொல்ல முடியாது. மார்கழியில பிள்ளைங்க தும்மறதுக்குப் பாதி காரணம் பரண்ல இருந்து தட்டாம எடுத்த போர்வைதான்.

6. பட்டுப் புடவையை நேர் வெயில்ல போடாதே, நிறம் போயிடும். நிழல்ல காத்தாட விட்டு, மடிப்பை மாத்தி மடி. ஒரே மடிப்புல வருஷக்கணக்கா இருந்தா ஜரிகை அங்கேயே விட்டுப் போகும். வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தி வை. பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதே, உள்ளேயே வேர்த்துப் பூசணம் பூக்கும். அந்துருண்டை புடவையில படக் கூடாது, பிள்ளைங்க கையிலயும் கிடைக்கக் கூடாது. துணியில முடிஞ்சு பீரோ மூலையில வை.

7. ஹால்லயோ தாழ்வாரத்துலயோ இன்னிக்கே ஒரு கொடி கட்டிடு. மழை வந்தப்புறம் ஆணி தேடி அலையாதே. ஃபேன் காத்து படற இடமா பாரு.

8. ஞாயித்துக்கிழமை மலையா குவிச்சுத் துவைக்கிற பழக்கத்தை இந்த மூணு மாசம் விட்டுடு. தினமும் கொஞ்சம் துவை. மெஷின்ல இன்னொரு தடவை பிழிய விடு. துணிக்கும் துணிக்கும் நடுவுல நாலு விரல் இடம் விடு. ஸ்கூல் யூனிஃபார்முக்கும் சாக்ஸுக்கும் முதல் இடம் கொடு. பெட்ஷீட்டும் ஜீன்ஸும் வெயில் வர்ற நாளுக்குக் காத்திருக்கட்டும். லேசா ஈரமா இருக்கேன்னு மடிச்சு உள்ள வைக்காதே. அந்த ஒரு துணி பீரோவையே நாற வெச்சுடும். அயர்ன் பண்ணி, சூடு ஆறினப்புறம் அடுக்கு. ஷூ நனைஞ்சா பழைய பேப்பரைச் சுருட்டி உள்ள திணி. ராத்திரியில ஈரத்தை இழுத்துடும்.

அடுக்களையில செய்ய வேண்டியது

9. மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் வாங்கி, சுக்கா காய வெச்சு, மில்லுல கொடுத்து மூணு மாசத்துக்கு அரைச்சுடு. அரைச்சு வந்த பொடியைச் சூட்டோட டப்பாவுல கொட்டாதே. பேப்பர்ல பரப்பி ஆற விடு. சூட்டோட மூடினா கட்டி பிடிக்கும், வண்டும் வரும்.

10. பருப்பு, பயறு எல்லாத்தையும் வெயில்ல போடு. அரிசியை மட்டும் சுள்ளுன்னு வெயில்ல போடாதே. அரிசி விரிஞ்சு, வடிக்கும்போது உடைஞ்சு குழையும். நிழல்ல பரப்பிப் புடைச்சாலே போதும். டப்பாவுல காய்ஞ்ச வேப்பிலையோ நாலு மிளகாய் வத்தலோ போட்டு வை. பழசைக் காலி பண்ணாம அதுக்கு மேலயே புதுசைக் கொட்டாதே, அடியில இருக்கிற வண்டு மேல ஏறும்.

11. உப்பு ஜாடி, புளிப் பானை, வெல்ல டப்பா எதுலயும் ஈரக் கரண்டி போகக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மரக் கரண்டி உள்ளேயே இருக்கட்டும். ஊறுகாய் மேல எண்ணெய் நிக்குதான்னு பாரு. குறைஞ்சிருந்தா நல்லெண்ணெயைக் காய்ச்சி, ஆற வெச்சு ஊத்து.

12. வெங்காயத்தைச் சாக்குல குவிச்சு வைக்காதே. கூடையிலயோ தரையிலயோ பரப்பு. உருளைக்கிழங்குக்குப் பக்கத்துல வைக்காதே, ஒண்ணோட ஈரத்துல இன்னொண்ணு முளைக்கும், அழுகும். தக்காளி மலிவா இருக்கும்போதே ரெண்டு கிலோ தொக்கு கிளறிடு. ஐப்பசியில விலை ஏறும், வர்ற பழமும் அழுகலா வரும்.

13. மாவு புளிக்கலைன்னு சோடா உப்பு போடாதே. குளிருக்கு அது மெதுவாத்தான் பொங்கும். கோடையில 6, 7 மணி நேரம் ஆனா, மார்கழியில 12 மணி நேரம்கூட ஆகும். உளுந்தோட ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊற வை. அரைச்சப்புறம் சுத்தமான கையால நல்லா கலக்கு. பாத்திரத்தைத் தடித் துணியில சுத்தி, அடுப்பு அணைச்ச மேடையோரமா வை. சாயங்காலம் அஞ்சு மணிக்கே அரைச்சுடு, காலையில இட்லி பஞ்சு மாதிரி வரும்.

14. மழை நாளுக்குன்னு ஒரு தட்டு ஒதுக்கு. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அப்பளம், வத்தல், அவல், ரவை, பால் பவுடர் எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும். கரண்ட் இல்லாம, காய் கிடைக்காம போனாலும் ரெண்டு நாள் சமாளிக்கலாம். புயல்னு டிவியில சொன்னதும் கடைக்கு ஓடி அஞ்சு கிலோ காய் வாங்காதே. ஃபிரிட்ஜ் ஓடலைன்னா பாதி குப்பைக்குத்தான் போகும்.

15. தீபாவளி ஐப்பசியிலதான் வரும். முறுக்கு, மிக்சர் முழுசா ஆறினப்புறம் டப்பாவை மூடு. இல்லேன்னா நமுத்துப் போகும். பெரிய டப்பாவைத் தினமும் திறக்காதே, சின்ன டப்பாவுல எடுத்து வெச்சுக்கோ. பட்டாசு நமுத்திருந்தா அடுப்புக்கிட்ட கொண்டு போய்க் காய வைக்காதே. சமையலறைப் பக்கமே வரக் கூடாது. கார்த்திகைக்கு வாங்கற புது அகலை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டுக் காய வை, எண்ணெயைக் குடிக்காது.

கொசு, காய்ச்சல்

16. டெங்கு கொசு சாக்கடையில வளரறது இல்லை. உன் வீட்டுல தேங்கின நல்ல தண்ணியிலதான் வளருது. பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு, ஏ.சி. தண்ணி விழற வாளி, தேங்காய்த் தொட்டி, பழைய டயர், மூடாத சின்டெக்ஸ் தொட்டி, சம்ப் மூடியில இருக்கிற பள்ளம்னு வரிசையா பாரு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால வாரத்துல ஒரு நாளை முடிவு பண்ணிக்கோ. வெள்ளிக்கிழமை வீடு கழுவுவே இல்ல, அதையே வெச்சுக்கோ. தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது, பாத்திரத்தோட உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவு. முட்டை ஓரத்துல ஒட்டியிருக்கும், காய்ஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும்.

17. இந்தக் கொசு பகல்ல கடிக்கும். ராத்திரி மட்டும் கொசுவலை கட்டிட்டு, பகல்ல தூங்கற குழந்தையை வலை இல்லாம விடாதே.

18. காய்ச்சல்னா மெடிக்கல் ஷாப்ல 'ஏதாவது கொடுங்க'ன்னு கேட்டு வாங்காதே. பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை வேண்டாம். டெங்குவா இருந்தா ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி மாத்திரையால ரத்தக் கசிவு வர வாய்ப்பு இருக்கு. ரெண்டு நாளைக்கு மேல காய்ச்சல் நீடிச்சா ரத்தப் பரிசோதனை பண்ணு. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நிம்மதியா இருந்துடாதே. டெங்குல ஆபத்தே காய்ச்சல் இறங்கற அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான். கடுமையான வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், துவண்டு போறது, ஒண்ணுக்குக் குறையறது, இதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. கஷாயம் கொடு, வேண்டாங்கலை. ஆனா கஷாயத்தை நம்பி டாக்டரைத் தள்ளிப் போடாதே.

19. குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வை. லேசா சூடு பண்ணி இறக்கறது பத்தாது. தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷமாவது ஆகணும். மழைத் தண்ணி சம்ப்ல இறங்கிடுச்சுன்னா அந்தத் தண்ணியில பல்லுகூடத் தேய்க்காதே. முழுசா இறைச்சு, தேய்ச்சுக் கழுவினப்புறம்தான் நிரப்பணும். வயித்துப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு வீட்டுல இருக்கட்டும். 1 லிட்டர் பாக்கெட்னா முழுசையும் 1 லிட்டர் தண்ணியில கரை. கொஞ்சம் கொஞ்சமா ஒரு டம்ளர்ல கரைக்காதே, உப்பு அளவு மாறிடும். கரைச்சதை 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சுடு.

கரண்ட், பேப்பர், வண்டி

20. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஷாக் அடிச்சா தானா கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பார்க்கச் சொல்லு. இல்லேன்னா செலவைப் பார்க்காம போட்டுடு. ஈரச் சுவத்துல இருக்கிற சுவிட்சைத் தொடாதே. கொடிக் கம்பியை கரண்ட் ஒயர் பக்கத்துல கட்டாதே. வீட்டுக்குள்ள தண்ணி வர்ற மாதிரி இருந்தா, வர்றதுக்கு முன்னாடியே மெயினை அணை. தண்ணியில நின்னுட்டு அணைக்கப் போகாதே. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி வை.

21. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, சான்றிதழ், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஒரே பையில, ஜிப் கவருக்குள்ள போட்டு உயரமான அலமாரியில வை. பரண் வேண்டாம், நான் பட்டது போதும். போன்ல படம் எடுத்து, வெளியூர்ல இருக்கிற ஒருத்தருக்கு அனுப்பி வை. 108 ஆம்புலன்ஸ், 1077 மாவட்டப் பேரிடர் உதவி. ரெண்டையும் காலண்டர் பக்கத்துல பெருசா எழுதி ஒட்டு. கரண்ட் போய் போனும் செத்துப் போனா, பக்கத்து வீட்டு போன்ல யாரைக் கூப்பிடுவே? வீட்டுக்காரர் நம்பரையும் அதுலயே எழுது.

22. வண்டி சைலன்சர் வரைக்கும் தண்ணியில நின்னிருந்தா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே. தள்ளிக்கிட்டுப் போய் மெக்கானிக்கிட்ட விடு. ஒரு தடவை உதைச்சுப் பார்க்கறதுல இன்ஜினே போயிடும்.

23. வாசல்ல கழட்டின செருப்பு, ஷூவைத் தட்டிட்டுப் போடப் பிள்ளைங்களைப் பழக்கு. பூரானும் தேளும் காய்ஞ்ச இடம் தேடி உள்ள வரும். பாம்பு கடிச்சா கயித்தால இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காம, நேரா அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.

பெரியவங்க, பிள்ளைங்க, உதவிக்கு வர்றவங்க

24. சர்க்கரை, பிரஷர் மாத்திரை எப்பவும் 15 நாளைக்குக் கையிருப்பு இருக்கணும். 'நாளைக்கு வாங்கிக்கலாம்'ங்கற பேச்சே கூடாது. கஜா புயல் 2018 நவம்பர்ல டெல்டாவை அடிச்சுப் போட்டப்போ, பல ஊர்ல நாள் கணக்கா கரண்டும் இல்லை, ரோடும் இல்லை. கரண்ட் போனா ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடாதே, குளிர்ச்சி ஓடிடும். நாள் கணக்கா வரலைன்னா இன்சுலினை ஈர மணல் நிரப்பின மண்பானைக்குள்ள, கவர்ல சுத்தி வை.

25. ஈரமான பாத்ரூம் தரையில வழுக்கி விழற பெரியவங்கதான் மழைக்காலத்துல ஜாஸ்தி. நல்ல கால்மிதி போடு, ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மூச்சிரைப்பு இருக்கிறவங்க மார்கழியில விடியற்காலை வாசலுக்கு வர வேண்டாம். கோலத்தை நீ போடு, அவங்க உள்ள இருந்து பார்க்கட்டும். சாம்பிராணிப் புகையும் அவங்களுக்கு ஆகாது.

26. குளிர்னா யாருக்கும் தாகம் எடுக்காது. பிள்ளைங்க பாட்டில் நிரப்பின மாதிரியே திரும்பி வரும். மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் அதனாலதான். வெதுவெதுப்பா தண்ணி கொடுத்து, கண் முன்னாடியே குடிக்க வை. ஆவி பிடிக்கறேன்னு சின்னக் குழந்தை முன்னாடி கொதிக்கிற பாத்திரத்தை வைக்காதே. எத்தனை குழந்தைங்க கவிழ்த்துக்கிட்டு வெந்து போயிருக்கு!

27. மழை லீவு அறிவிப்பு காலையில எப்ப வரும்னு தெரியாது. டிவியைப் பார்த்துக்கிட்டே அடுப்பைப் பத்த வைக்காம இருக்காதே. டிபன் எப்பவும் போல கட்டிடு. லீவு விட்டா வீட்டுலயே அந்த டப்பாவைத் திறந்து சாப்பிடட்டும், உனக்கு மத்தியானச் சமையல் மிச்சம்.

28. வேலைக்கு வர்ற அம்மா அடைமழையில வரலைன்னா முகத்தைக் காட்டாதே, சம்பளத்தைப் பிடிக்காதே. உன் வீட்டுல ஒழுகறது ஒரு மூலைன்னா, அவங்க வீட்டுல படுக்கவே இடம் இருக்காது. 'உங்க வீட்டுல தண்ணி வந்துச்சா, பிள்ளைங்க எங்க இருக்காங்க'ன்னு ஒரு போன் பண்ணு. தடிப் போர்வை ஒண்ணு மிச்சம் இருந்தா மழைக்கு முன்னாடியே கொடு.

'நேரமே இல்லைக்கா'ன்னு சொல்றியா?

தெரியும், ஆபீஸும் வீடும் ஸ்கூலும் உன்னை எப்படிப் பிழியுதுன்னு. எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்யச் சொல்லலை. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குக் கொடு. இந்த வரிசையில செய்:

• காலை 7 மணி: மாடியில ஓட்டை சுத்தம், ரெண்டு வாளி தண்ணி சோதனை. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போ, மாடி உனக்கு மட்டும் சொந்தம் இல்லை.
• 8 மணி: மெத்தை, போர்வை வெயிலுக்கு. பக்கத்துலயே மிளகாயும் பருப்பும்.
• 10 மணி: பிள்ளைங்ககிட்ட வீட்டைச் சுத்தித் தேங்கின தண்ணியைக் கண்டுபிடிக்கிற வேலையைக் கொடு. விளையாட்டா செஞ்சுடுவாங்க, உன்னைவிட நல்லா பார்ப்பாங்க.
• மத்தியானம்: சாப்பிட்டுட்டு உட்கார்ந்தபடியே பேப்பரை எல்லாம் கவர்ல போடு, மாத்திரையை எண்ணு.
• 3 மணி: வெயில்ல போட்டதை எல்லாம் உள்ள எடு. மேகம் கூடினப்புறம் ஓடாதே.

மீதி எல்லாம் வார நாள்ல, ஒரு நாளைக்கு ஒண்ணா செஞ்சுக்கலாம்.

அப்புறம் பாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு இடி இடிச்சு மழை ஊத்தும். நீ பதறி எழுந்து உட்காருவே. மாடித் தண்ணி குழாய் வழியா கடகடன்னு இறங்கற சத்தம் கேட்கும். அது கேட்டுச்சுன்னா பிள்ளைக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திட்டு, நிம்மதியாத் திரும்பிப் படு. அந்தத் தூக்கத்துக்காகத்தான் இத்தனை தூரம் சொன்னேன். விளக்குமாறு எங்க இருக்கு? எடுத்துக்கிட்டு மாடிக்குப் போ, கண்ணு. வெயில் இன்னும் இருக்கு.